ஹெல்கெசன் எண்

நார்த்பைன் சிஸ்டம்ஸ் விற்ற கணினிக்கு எங்கேயாவது மூச்சு வாங்கினால், வாங்கியவர்கள் புதுப் பாகம் கேட்கமாட்டார்கள். டாக்டர் தோர்வால்ட் ஹெல்கெசனைக் கேட்பார்கள். அவர் எங்கள் தலைமைச் செயல்திறன் சிற்பி. விஸ்கான்சினின் ஓ கிளேர் நகரத்தில் அப்படியொரு பதவி அதற்கு முன் இருந்ததில்லை. அவர் அளவு சொல்ல, நிறுவனம் தைத்துக் கொடுத்தது. தொண்ணூறுகளின் கடைசி. நாங்களெல்லாம் கட்டம் போட்ட ஃபிளானல் சட்டையில் வேலைக்கு வந்துகொண்டிருந்தோம். அவர் மட்டும் கழுத்தில் பட்டாம்பூச்சி முடிச்சுப் போ டை கட்டிக்கொண்டு வருவார். விசைப்பலகையைத் தொடமாட்டார். "கட்டடம் வரையுறவன் செங்கல் சுமப்பானா?" என்பார்.

வாடிக்கையாளர் இடத்துக்குப் போனதும் முதலில் கையுறையைக் கழற்றுவார், விரல் விரலாக. பிறகு உள்ளங்கையைக் கணினிப் பெட்டியின் விலாவில் வைத்துக் கண்ணை மூடுவார். மாட்டுக்குச் சினை பார்க்கிற மருத்துவரைப் பார்த்துப் பழகிய ஊர் என்பதால் யாரும் சிரிக்கமாட்டார்கள். சிலர் தொப்பியைக்கூடக் கழற்றுவார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஓர் எண்ணைச் சொல்வார். "நாலாயிரத்துத் தொண்ணூற்று மூன்று." அது எப்போதும் பகா எண்ணாகத்தான் இருக்கும். தன்னாலும் ஒன்றாலும் தவிர வேறு எதனாலும் வகுபடாதது என்று விளக்கமும் கொடுப்பார். கேட்பதற்குத் தம்மைப் பற்றியே சொல்வதுபோல இருக்கும்.

எண்ணைத் தட்டச்சு செய்து கணினியை நிறுத்தித் திரும்ப ஓடவிடுவது ஜோலீன் வாவ்ராவின் வேலை. ஓடவிட்டதும் கணினி குதிரைபோலப் பாயும். வாடிக்கையாளர் டாக்டரின் கையைப் பிடித்துக் குலுக்குவார். ஜோலீனிடம், "அந்தக் கம்பியையெல்லாம் கொஞ்சம் சுருட்டி வச்சிடும்மா" என்பார்.

எண் எதற்கு? வெள்ளிக்கிழமை மீன் விருந்துக்குக் கிளப்புக்குப் போகிறவர்களுக்கு இது புரியாமல் போகாது. வாசலில் கோட்டு மாட்டக் கொக்கிகள் இருக்கும். கூட்டம் கொஞ்சமென்றால் ஆளுக்கொரு கொக்கி. கேட்டதும் கோட்டை எடுத்துக் கொடுத்துவிடலாம். ஐந்நூறு கொக்கியில் ஐம்பதாயிரம் கோட்டை மாட்டினால் ஒவ்வொரு கொக்கியிலும் நூறு தொங்கும். கோட்டுக்காரி ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துத்தான் உங்களுடையதைக் கண்டுபிடிக்கவேண்டும். கணினியை உள்ளிருந்து நடத்துகிற கெர்னல் என்ற நிரல்தான் அந்தக் கோட்டுக்காரி. வெளியிலிருந்து வந்து பேசிக்கொண்டிருக்கிற ஒவ்வொரு தொடர்பும் ஒரு கோட்டு. கொக்கி வரிசைக்கு எங்கள் தொழிலில் ஹேஷ் டேபிள் என்று பெயர். இதில் ஒரு சங்கடம்: கொக்கியின் எண்ணிக்கையைக் கடை திறக்கும்போதே சொல்லிவிடவேண்டும். மாற்றவேண்டுமென்றால் எல்லாரையும் வெளியே அனுப்பி, கதவைச் சாத்தி, மறுபடி திறக்கவேண்டும்.

ஜோலீனுக்கு டாக்டர்மேல் கோபமில்லை. அவள் கோபமெல்லாம் மான் வேட்டைக் காலத்தைப் பற்றியது.

நன்றி சொல்லும் நாளை ஒட்டி ஒன்பது நாள், விஸ்கான்சினில் பாதிப்பேர் ஆரஞ்சுக் கோட்டுப் போட்டுக்கொண்டு காட்டில் இருப்பார்கள். மீதிப்பேர் அந்த ஆரஞ்சுக் கோட்டை விற்றுக்கொண்டிருப்பார்கள். விற்பவர்களில் பெரிய ஆள் பேட்ஜர் க்ரீக் என்ற தபால்வழிக் கடை. அப்போதுதான் இணையத்திலும் கடை விரித்திருந்தார்கள். எங்கள் கணினி. மான் காலம் வந்தால் ஆர்டர் கொட்டும், கணினி முக்கும், கடை மேலாளர் எல்வுட் கூப்பிடுவார். டாக்டர் எண் சொல்லவேண்டும். சொன்னதைத் தட்ட ஜோலீன் வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு அவள் மரத்துமேல் பரணில் இருந்தபோது, பன்னிரண்டு கிளைக் கொம்போடு ஓர் ஆண்மான் கண்ணெதிரே வந்து நின்றது. துப்பாக்கியைத் தூக்கினாள். இடுப்பிலிருந்த பேஜர் கூவியது. மான் துள்ளி ஓடி, நேராக அவள் பெரியப்பா மகன் டுவேன் முன்னால் போய் நின்றது. அதன் தலை இப்போது டுவேன் வீட்டுச் சாப்பாட்டு அறையில் மாட்டியிருக்கிறது. விருந்துக்குப் போகும்போதெல்லாம் ஜோலீனை அதற்கு நேரெதிரேதான் உட்கார வைப்பார்கள்.

மறுவருஷம் பேஜரை அணைத்துவிட்டுப் போனாள். எல்வுட் விடவில்லை. ஷெரிஃப் அலுவலகத்தில் அவருக்கு ஒரு மச்சான். அந்த மச்சான் முதல் நாள் காலையில் காட்டுக்குள் ஒலிபெருக்கியோடு வந்து, "ஜோலீன் வாவ்ரா, ஜோலீன் வாவ்ரா, உடனே கீழே இறங்கவும்" என்று கத்தினான். அந்தப் பக்கத்து மான்களெல்லாம் அடுத்த மாநிலமான மினசோட்டாவுக்குப் போய்விட்டதாகக் கேள்வி. அன்று குடும்பம் கூடித் தீர்ப்புச் சொல்லியது: அடுத்த வருஷமும் நடுவில் இறங்கிப் போனால் ஜோலீனின் பரண் டுவேனுக்கு. அவள் கூடாரத்தில் இருந்து வெங்காயம் நறுக்கலாம்.

அதனால்தான் அவள் அதை எழுதினாள். பத்தே வரி நிரல். கணினி எழும்பும்போதே தன்னிடம் எவ்வளவு நினைவகம் இருக்கிறது என்று பார்க்கும். அதற்குத் தகுந்தாற்போல் கொக்கிகளைத் தானே அடித்துக்கொள்ளும். பெரிய கிளப்புக்கு நிறையக் கொக்கி, சின்னதற்குக் கொஞ்சம். எண் சொல்ல ஆள் வேண்டாம். தட்டவும் ஆள் வேண்டாம்.

புது வெளியீட்டுக்கான கதவு வெள்ளிக்கிழமை நண்பகலில் மூடும். சனிக்கிழமை விடிந்தால் வேட்டை. அதற்குள் ஆய்வுக்குழு சம்மதிக்கவேண்டும்.

ஆய்வுக்குழு செவ்வாய்க்கிழமை கூடியது. மேலாளர் மார்வ் கிளிங்பைல் தலைமை. மேஜை நடுவில் வறுத்த சீஸ் கட்டி. குழுவில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: கருத்துச் சொல்லாதவரை அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிடமாட்டார்கள். கூப்பிடாவிட்டால் சீஸ் கிடையாது.

"பத்து வரிதானே. ஆளுக்கொரு கருத்துச் சொல்லிட்டுக் கிளம்புங்கப்பா" என்றார் மார்வ். "நான் போய் வண்டிக்குப் பனி டயர் மாட்டணும்."

"நல்லாத்தான் இருக்கு" என்றார் கோப்புப் பிரிவுக்காரர். "ஆனா தானா முடிவு பண்ணும்னு சொல்றீங்களே, தப்பா முடிவு பண்ணிச்சுன்னா? நிறுத்துறதுக்கு ஒரு திருகு இருக்கணும்ல?"

"வச்சிடலாம்" என்றாள் ஜோலீன். திருகு என்றால் எங்கள் பேச்சில், ஆள் ஒருவர் எண் போட்டு வைக்கவேண்டிய இடம்.

"நிறுத்தி வச்சதைத் தெரியாத ஆள் யாராவது திரும்ப ஓடவிட்டுட்டா?" என்றார் பாதுகாப்புப் பிரிவுக்காரர். "அந்தத் திருகைப் பூட்டி வைக்க ஒரு திருகு."

"குறைஞ்சது இத்தனைன்னு ஒண்ணு வேணாமா?"

"அப்போ அதிகபட்சத்துக்கும் ஒண்ணு."

"நினைவகத்துல எத்தனை பங்குன்னு வாடிக்கையாளர் சொல்ல முடியணும். அவங்களுக்கும் ஒரு மரியாதை வேணும்ல."

நானும் ஒன்று கேட்டேன். என்ன கேட்டேன் என்று இப்போது நினைவில்லை; சீஸ் நன்றாக இருந்தது. மொத்தத்தில், எண்ணே வேண்டாம் என்பதற்காக எழுதிய பத்து வரிக்குள் கூட்டம் முடிவதற்குமுன் ஏழு எண் சேர்ந்துவிட்டது. ஒன்று வைத்தாலே டாக்டரைக் கூப்பிடுகிறவர்கள் ஏழு வைத்தால் வீட்டிலேயே தங்க வைத்துக்கொள்வார்கள். ஜோலீன் முகம் கூடாரத்தில் வெங்காயம் நறுக்குகிறவள் முகமாக ஆகிக்கொண்டிருந்தது.

மேஜைக் கோடியில் உட்கார்ந்திருந்த டாக்டர் ஹெல்கெசன் தொண்டையைச் செருமினார்.

"அளவுங்கறது கணக்கு இல்லை, மார்வ். அது தீர்ப்பு. மணப்பொண்ணுக்கு உடுப்புத் தைக்கிறவன் அவ அப்பன் வீட்டுல எத்தனை ஏக்கர்னு கேட்டுட்டா தைப்பான்? இந்தப் பொண்ணு எழுதினது அதைத்தான் செய்யுது. இருக்கிற நினைவகத்தைப் பார்க்குது. இயந்திரத்தோட மனசைப் பார்க்கலை."

"மனசு எங்க இருக்குன்னு சொல்லுங்க டாக்டர், அதையும் பார்க்கச் சொல்லி எழுதிடறேன்" என்றாள் ஜோலீன்.

சிரித்தவர்கள் டாக்டரின் முகத்தைப் பார்த்ததும் சீஸை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்கள்.

"வியாழக்கிழமை காலையில பார்த்துடுவோம்" என்றார் அவர். "ஆய்வுக்கூடத்துல இருக்கிற பெரிய கணினி. எல்லாரும் வரட்டும். முதல்ல என் எண். அப்புறம் இந்தப் பத்து வரி. என் எண்ணை அது ஜெயிக்கலைன்னா அடுத்த வெளியீடு வரைக்கும் இந்தப் பேச்சே கூடாது."

அடுத்த வெளியீடு என்பது இன்னும் இரண்டு மான் காலம் தள்ளி.

புதன்கிழமை காலை ஜோலீன் ஆய்வுக்கூடத்துக்குப் போனாள். கூடத்தைக் கட்டி மேய்ப்பவன் பாவ் சியோங். அவளுடைய கல்லூரித் தோழன், வேட்டையிலும் கில்லாடி. நானும் போனேன். என் வேலை காப்பி வாங்கி வருவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஐம்பதாயிரம் பொய்த் தொடர்புகளை உண்டாக்கிப் பெரிய கணினிமேல் ஏவினோம். முதலில் எண் எதுவும் கொடுக்காமல், தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே. கணினி ஊர்ந்தது. அடுத்து ஜோலீனின் பத்து வரி. பறந்தது. பாவ் விசிலடித்தான்.

"ரொம்ப ஆடாதே" என்றாள் ஜோலீன். "டாக்டர் எண்ணும் பறக்கும். பேட்ஜர் க்ரீக்ல நானே பார்த்திருக்கேன். எத்தனை மடங்குங்கறதுதான் கேள்வி. எட்டாயிரத்து நூற்றுத் தொண்ணூற்று ஒன்று போடு. நாளைக்கு அதைத்தான் சொல்லப்போறார். பெரிய இயந்திரம்னா அவருக்கு அந்த எண்தான் வரும்."

பாவ் அதைப் போட்டு, கணினியை மறுபடி எழுப்பி, ஐம்பதாயிரத்தையும் ஏவினான். கணினி ஊர்ந்தது.

"முதல் தடவையையே திரும்பக் காட்டுறியாடா?" என்றாள் ஜோலீன்.

"இல்லம்மா. இது டாக்டரோடதுதான். பாரு, எண்ணே போடாததும் டாக்டர் எண்ணும் ரெட்டைப் பிள்ளைங்க மாதிரி இருக்கு. எது மூத்ததுன்னு பெத்தவளுக்கே தெரியாது."

ஜோலீன் கெர்னலிடமே கேட்டாள்: இப்போது உன்னிடம் எத்தனை கொக்கி? ஐந்நூற்றுப் பன்னிரண்டு என்றது அது. தொழிற்சாலையில் அடித்த அதே கொக்கிகள். டாக்டரின் வேறு எண்களையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். எதற்கும் பதில் ஐந்நூற்றுப் பன்னிரண்டு.

பிறகு கெர்னலின் மூல நிரலைத் திறந்து, எண்ணை வாங்கிக்கொள்கிற இடத்தைத் தேடிப் படித்தாள். படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள்.

"ரெண்டை ரெண்டால பெருக்கிக்கிட்டே போனா வருமே, நாலு, எட்டு, பதினாறுன்னு... அந்த மாதிரி எண்ணை மட்டும்தான் இது வாங்கிக்கும். மத்தது எதைக் கொடுத்தாலும் மரியாதையா வாங்கிக் கீழே போட்டுட்டு ஐந்நூற்றுப் பன்னிரண்டை எடுத்துக்கும்."

"டாக்டர் சொல்றதெல்லாம் பகா எண்" என்றேன்.

"ஆமா. எட்டாயிரத்து நூற்றுத் தொண்ணூற்று ஒன்று. இன்னும் ஒண்ணே ஒண்ணு கூட்டிச் சொல்லியிருந்தா வேலை செஞ்சிருக்கும்." கூட்டிப் போட்டாள். கணினி பறந்தது.

பாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "அப்போ பேட்ஜர் க்ரீக்ல குதிரை மாதிரி ஓடிச்சே, அது?"

"அது நான் நிறுத்தி எழுப்பினதுனால. உள்ளே இருந்தவங்க எல்லாரையும் துரத்திட்டுக் கதவைத் திறந்தா எந்தக் கிளப்புலயும் கோட்டு சீக்கிரம் கிடைக்கும்." சொல்லிவிட்டு அவளே தலையில் அடித்துக்கொண்டாள். "ரெண்டு வருஷமா ஒரு பொத்தானை அமுக்கறதுக்காக என்னை மரத்துலேர்ந்து இறக்கியிருக்காங்க. அந்தப் பொத்தானை எல்வுட்டே அமுக்கியிருக்கலாம்."

"நாளைக்கு எல்லார் முன்னாடியும் ஓடவிடு" என்றான் பாவ். "போ டை அவிழ்ந்து கீழே விழணும்."

எனக்கும் அந்தக் காட்சியைப் பார்க்க ஆசைதான். ஆனால் ஜோலீன் தலையை ஆட்டினாள்.

"விழும். அப்புறம்? எட்டு வருஷமா வாடிக்கையாளருக்குக் கொடுத்த எண்ணெல்லாம் வெறும் காத்துன்னு தெரிஞ்சா மார்வ் என்ன பண்ணுவார்?"

"வக்கீலைக் கூப்பிடுவார்."

"வக்கீல் என்ன சொல்லுவார்?"

"எல்லாக் கணினியையும் ஆள் அனுப்பிச் சரிபார்னு சொல்லுவார்."

"யாரை அனுப்புவாங்க?"

பாவ் சிரிப்பை நிறுத்தினான். "உன்னை."

"எப்போ?"

"சனிக்கிழமை."

"அதேதான். டுவேன் பரண்ல ஏறி உட்கார்ந்து எனக்குக் கை காட்டுவான்." எழுந்து, கணினித் தாளைக் கிழித்து மடித்தாள். "நீயும் வா" என்றாள் என்னிடம். "தனியாப் போனா மிரட்டினேன்னு சொல்லுவார். நீ முழிச்சுக்கிட்டு நின்னாப் போதும், அது உனக்கு நல்லா வரும்."

டாக்டரின் அறைச் சுவர் முழுக்கப் பித்தளைத் தகடுகள். அவர் சொன்ன எண்களை நன்றியுள்ள வாடிக்கையாளர்கள் பொறித்துக் கொடுத்தவை. வேறு வீடுகளில் மான் தலை இருக்கிற மாதிரி இங்கே பகா எண்கள் வரிசையாக மாட்டியிருந்தன.

ஜோலீன் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாள். அவர் முதலில் நம்பவில்லை.

"ரெண்டின் பெருக்கமா? அது சோம்பேறிப் பயலோட எண்ணு. எந்த மடையன் அப்படி எழுதினது?"

"மார்வ்தான், எட்டு வருஷம் முன்னாடி, மேலாளர் ஆகறதுக்கு முன்ன. முந்தியெல்லாம் வகுத்துப் பார்த்துக் கொக்கி தேடும். வகுத்தல் மெதுவா இருக்குன்னு மாத்திட்டார். நீங்க அப்போ டென்வர்ல சொற்பொழிவுக்குப் போயிருந்தீங்க."

"மாத்தினா மாத்தட்டும். என் எண் பிடிக்கலைன்னா அந்த இயந்திரம் வாயைத் திறந்து சொல்லியிருக்கணுமா இல்லையா?"

"சொல்லிச்சு, டாக்டர். எழும்பும்போதே திரையில ஒரு வரி வரும், இந்த எண் ஆகாதுன்னு. வாடிக்கையாளர் முன்னாடி இயந்திரம் முணுமுணுத்தா நமக்கு அசிங்கம்னு நீங்கதான் அந்த வரியெல்லாம் எடுக்கச் சொன்னீங்க. எடுத்துட்டாங்க."

டாக்டர் ஹெல்கெசன் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். வெளியே வாகன நிறுத்தத்தில் ஒருவன் தன் வண்டிக் கூரைமேல் கூடாரத்தைக் கட்டிக்கொண்டிருந்தான். அதைப் பார்த்தாரா, எதைப் பார்த்தார் என்று தெரியாது. கழுத்துக்குப் பின்னால் போ டையின் கொக்கி தெரிந்தது. கட்டிக்கொள்வதில்லை, மாட்டிக்கொள்வதுதான் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"எத்தனை பேருக்குத் தெரியும்?"

"பாவ், நான், இவன்."

நான் முழித்தேன்.

பிறகு அவர் தோள் மெல்ல உயர்ந்தது. திரும்பியபோது முகத்தில் பழைய களை வந்திருந்தது.

"அப்படின்னா," என்றார் ஒவ்வொரு சொல்லாக, "எட்டு வருஷமா நம்ம இயந்திரம், வெளியிலேர்ந்து கொடுத்த எண்ணைத் தள்ளிட்டு, தானே ஓர் எண்ணை எடுத்துக்கிட்டிருக்கு."

"ஆமா, ஐந்நூற்றுப்—"

"எத்தனைங்கறது முக்கியமில்லை. தானே எடுத்துக்கிட்டிருக்கு. தானியங்கி அளவு! அதை அப்படிப் பழக்கினது யாரு? திரும்பத் திரும்ப எண்ணைக் கொடுத்து, மறுக்கறதுக்குத் தைரியம் கொடுத்தது யாரு?"

ஜோலீன் என்னைப் பார்த்தாள். நான் பித்தளைத் தகட்டைப் பார்த்தேன்.

"நீங்கதான் டாக்டர்" என்றாள்.

"உன் பத்து வரி அந்த வழியோட இயல்பான முடிவு. கெட்டிக்காரத்தனமான முடிவுன்னுகூடச் சொல்லுவேன். நாளைக்குப் போட்டி எதுக்கு? நானே முன்மொழியறேன். ஹெல்கெசன் தன்னியக்க அளவீடு." அந்தப் பெயரை ஒருமுறை காற்றில் சொல்லிப் பார்த்தார். பிடித்திருந்தது.

"பேரு உங்களுது" என்றாள் ஜோலீன். "திருகு ஒண்ணுகூட இருக்கக்கூடாது."

"என் பேர்ல வர்றதுல எவன் திருகு வைப்பான்?"

"அப்போ இதுவும் உங்களுது." இடுப்பிலிருந்து பேஜரைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். "பேரு யாருதோ, பேஜர் அவருது."

அவர் அதைச் செத்த எலியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "நான் இயந்திரத்தைத் தட்டறதில்லையே, ஜோலீன்."

"தட்டவே வேணாம்ங்கறதுதானே ஹெல்கெசன் தன்னியக்க அளவீடு?"

பேஜரை எடுத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை ஆய்வுக்கூடம் நிரம்பியிருந்தது. போட்டி பார்க்க வந்தவர்களுக்குச் சொற்பொழிவு கிடைத்தது. எட்டு ஆண்டுக்கால மௌன ஆராய்ச்சி என்றார் டாக்டர். வாடிக்கையாளர்களுக்கே தெரியாமல் அவர்களுடைய இயந்திரங்களில் வெள்ளோட்டம் விட்டதாகச் சொன்னார். அது ஒருவகையில் உண்மைதான். ஜோலீன் வாவ்ரா தட்டச்சில் உதவியதாகவும் ஒரு வார்த்தை வந்தது. பிறகு அவள் வரிகளை ஓடவிட்டார்கள். கணினி பறந்தது. கைதட்டினார்கள்.

"செவ்வாய்க்கிழமை கேட்ட திருகெல்லாம்?" என்றார் மார்வ், தாளைப் புரட்டியபடி. "நிறுத்துறதுக்கு யாரோ கேட்டீங்களே?"

கோப்புப் பிரிவுக்காரர் கூரையைப் பார்த்தார். "டாக்டர் பண்ணினதை எதுக்குங்க நிறுத்தணும்?"

"பூட்டுறதுக்கு?"

"நிறுத்துறதே இல்லைன்னா பூட்டறதுக்கு என்ன இருக்கு?"

பத்து வரியும் பத்து வரியாகவே கதவைத் தாண்டியது. டாக்டர் ஒன்றே ஒன்றுதான் சேர்க்கச் சொன்னார்: கணினி எழும்பும்போது தான் தேர்ந்த எண்ணைத் திரையில் காட்டவேண்டும், அவர் பெயரோடு. வெள்ளிக்கிழமை காலையிலேயே முதல் நகலைத் தொலைபேசி வழியாகப் பேட்ஜர் க்ரீக்குக்கு அனுப்பி ஏற்றிவிட்டார்கள்.

வெளியே வரும்போது பாவ் கொதித்துக்கொண்டிருந்தான். "உன் பேரு எங்கடி?"

"என் பேரு மரத்துமேல இருக்கும்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.

மான் காலத்தில் அலுவலகத்தில் நானும் டாக்டரும்தான். எனக்குத் துப்பாக்கிச் சத்தம் ஆகாது. அவருக்குச் சேறு ஆகாது. பேஜரை அவர் கோட்டுக்குள்ளே, யார் கண்ணிலும் படாமல் மாட்டியிருந்தார். திங்கட்கிழமை மத்தியானம் அது கூவியபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். கூப்பிட்டது பேட்ஜர் க்ரீக். என் மேஜைத் தொலைபேசியிலேயே பேசினார். எல்வுட்டின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"டாக்டர், ஏதோ சரியில்லை."

"மெதுவா இருக்கா?"

"அதான் இல்லை! ஆர்டர் கொட்டுது. போன வருஷத்தைவிட ரெட்டிப்பு. கணினி பாட்டுக்கு ஓடுது. இந்நேரம் படுத்திருக்கணும். என் ஆளுங்க சும்மா உட்கார்ந்து சீட்டாடறானுங்க. எனக்குப் பயமா இருக்கு."

"ஓடறதுல என்ன பயம், எல்வுட்?"

"நீங்க வந்து கையை வைக்கலையே! எண் என்னன்னு யாரும் சொல்லலை. எண்ணே இல்லாம ஒரு இயந்திரம் எத்தனை நாள் ஓடும்? ஜோலீனை அனுப்புங்க, வந்து பார்த்துச் சொல்லட்டும்."

"அவ காட்டுல இருக்கா."

"தெரியும். மச்சானை வரச் சொல்லிட்டேன். ஒலிபெருக்கியோட வாசல்ல நிக்கறான். நீங்க சரின்னு சொன்னாக் கிளம்பிடுவான்."

டாக்டர் வாய்ப்பகுதியைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பேஜரும் ஜோலீனிடமே போய்விடும், தொல்லையும் போய்விடும். அவர் உதடு பிரிவதைப் பார்த்தேன்.

"எண்தானே கேட்கறார்?" என்றேன் அவசரமாக. "எழும்பும்போது காட்டியிருக்குமே, உங்க பேரோட. இங்கேர்ந்தே பார்த்துடலாம்."

அவர் பெயர் என்றதும் உதடு நின்றது. "தட்டு" என்றார்.

தொலைபேசிக் கம்பி வழியாகப் பேட்ஜர் க்ரீக் கணினிக்குள் நுழைந்து, அது எழும்பியபோது சொன்னதைத் தேடி எடுத்தேன். ஹெல்கெசன் தன்னியக்க அளவீடு: அறுபத்தைந்தாயிரத்து ஐந்நூற்று முப்பத்தாறு. டாக்டர் குனிந்து பார்த்தார். முகம் சுருங்கியது.

"இரட்டைப்படை" என்று கிசுகிசுத்தார். "ரெண்டால வகுபடுது. நாலால வகுபடுது. இதை எப்படிய்யா ஒரு மனுஷன்கிட்டச் சொல்றது?"

"டாக்டர், இருக்கீங்களா?" என்றார் எல்வுட். "மச்சான் வண்டியைக் கிளப்பட்டுமா?"

டாக்டர் நிமிர்ந்தார். கையுறை போட்டிருக்கவில்லை, ஆனாலும் விரல் விரலாக எதையோ கழற்றினார். உள்ளங்கையைத் தொலைபேசியின் முதுகில் வைத்துக் கண்ணை மூடினார். எதிர்முனையில் எல்வுட் மூச்சை அடக்கிக்கொண்டது எனக்கே கேட்டது.

"அறுபத்தைந்தாயிரத்து ஐந்நூற்று முப்பத்து ஏழு."

"பகா எண்தானே?"

"வேறென்ன?"

"அப்பாடா!" என்றார் எல்வுட். "இதை முதல்லயே சொல்லக்கூடாதா? ஏ மச்சான், இறங்குடா, இறங்கு! டாக்டர், அதைத் தகட்டுல பொறிச்சு அனுப்பறேன்."

கணினி அன்றைக்கும் மறுநாளும் தன்பாட்டுக்கு ஓடியது. பேஜர் அதற்குப் பிறகு கூவவில்லை.

அடுத்த வாரம் ஜோலீன் மூக்கு நுனி உரிந்து, காது சிவந்து வந்து சேர்ந்தாள். மான் ஏதாவது கிடைத்ததா என்று கேட்டேன்.

"ஒரு மயிரும் கிடைக்கலை. அணில் ஒண்ணு வந்து என் சாண்ட்விச்சைத் தின்னுட்டுப் போச்சு. டுவேன் தினமும் கீழே வந்து நின்னு, 'உன்னை இன்னுமா கூப்பிடலை?'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தான், பாவம்." கோட்டைக் கழற்றியபடி, தேனிலவுக்குப் போய்வந்தவள் சொல்வதுபோலச் சொன்னாள்: "ஒன்பது நாளும், ஒருத்தர்கூட என்னைக் கூப்பிடலை தெரியுமா?"